ஊரும் ஒரு பாடநூல்

பள்ளிக்கூடம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவன நான்கு சுவர்கள்; ஒரு பலகை; வரிசையாய் அமைந்த மேசை நாற்காலிகள். கல்வி இச்சுவர்களுக்குள்ளேதான் நிகழ்கிறது என்னும் எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. நம் முன்னோர் நடத்திய திண்ணைப் பள்ளிக்கோ தெருப்பக்கம் சுவரே இல்லை. மாணவன் மணலில் விரலால் எழுத்தைக் கீறிக்கொண்டிருக்கும்போதே, சந்தைக்குச் செல்லும் உழவனும் நூல் சுமந்து செல்லும் நெசவாளியும் அவன் கண்ணில் பட்டனர். எண்சுவடியில் அவன் மனனம் செய்த நாழியும் உழக்கும் அடுத்த வீட்டு முற்றத்தில் நெல் அளந்துகொண்டிருந்தன. அப்பள்ளியில் குறைகளும் இருந்தன. எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைத்ததில்லை. கண்மூடித்தனமான மனனமும் பிரம்படியும் மலிந்திருந்தன. ஆயினும் படிப்புக்கும் தெருவுக்கும் இடையே ஒரு தொடர்பு இருந்தது. அந்தத் தொடர்பை நகரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் மீண்டும் உண்டாக்க இயலுமா என்பதே பல்லாண்டுகளாக என் சிந்தனையாய் இருந்துவருகிறது.

தோட்டப்பள்ளியில் இந்தக் கேள்விக்கே இடம் இருக்கவில்லை. பால்மரக் காட்டுக்கும் லயத்து வீடுகளுக்கும் நடுவே பள்ளி நின்றது. கோயில் மணி வகுப்பறைக்குள் கேட்டது. தாய் எந்த நிரையில் மரம் வெட்டுகிறாள், தந்தை எப்போது பாலை நிறுவைக்குக் கொண்டுவருவார் என்பதைப் பிள்ளை அறிந்திருந்தது. வறுமை இருந்தது, வசதிக்குறைவு இருந்தது, ஆனால் பிள்ளைக்குத் தன் ஊர் தெரிந்திருந்தது.

இன்றைய ஜொகூர் பாருவில் வாழும் பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். அடுக்குமாடி வீட்டிலிருந்து பள்ளி வேனில் ஏறுகிறது, பள்ளி வாயிலில் இறங்குகிறது, மீண்டும் வேன், பிறகு துணைப்பாட வகுப்பு, இரவில் அதே அடுக்குமாடி வீடு. நகரத்தின் நடுவே வாழ்ந்தும் நகரத்தை அது கண்டதில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருமுறை, "உங்கள் தந்தையார் எங்கே வேலை செய்கிறார்?" என்று கேட்டேன். வகுப்பில் பாதிப்பேர், "சிங்கப்பூரில், ஐயா" என்றனர். "என்ன வேலை?" என்று கேட்டேன். பெரும்பாலோர் விழித்தனர். பொழுது புலருமுன் பாலத்தைக் கடந்து சென்று, பிள்ளை உறங்கிய பின் வீடு திரும்பும் தந்தையின் தொழிலைப் பிள்ளை எவ்வாறு அறியும்?

இதனால் விளையும் கேடு மொழியில்தான் முதலில் தெரிகிறது. 'என் ஊர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் ஒரே ஊரைத்தான் எழுதுவர். அவ்வூரில் ஆறு சலசலவென ஓடும், குயில் கூவும், வயல்கள் பச்சைப்பசேலெனக் காட்சி தரும். எழுதும் பிள்ளையோ ஆறு தடங்கள் கொண்ட நெடுஞ்சாலையின் ஓரத்தில், பதினோராம் மாடியில் வசிக்கும். இரட்டைக்கிளவி சரியாக வந்திருக்கிறது; எழுத்துப்பிழை இல்லை; ஆகவே நாமும் நல்ல மதிப்பெண் தருகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை என்ன கற்றது? தான் காண்பதைச் சொல்வதற்குரிய மொழி தமிழ் அன்று. தேர்வுத்தாளில் எழுதுவதற்கு மட்டுமே உரியது என்பதைக் கற்றது. பள்ளிவாயிலைத் தாண்டியதும் அம்மொழியை அது இறக்கி வைத்துவிடுவதில் வியப்பு என்ன?

ஆதலின், வகுப்பறையிலிருந்து பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வது எனத் துணிந்தேன். வெகுதூரம் செல்லவில்லை. ஜொகூர் பாருவின் பழைய நகர்ப்பகுதிக்கே சென்றோம். 1855ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் தஞ்சோங் புத்ரி என்னும் பெயரில் தோற்றுவித்த குடியிருப்பு இது. தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட காம்பிரும், மிளகும் இதன் தொடக்ககாலச் செல்வங்கள். 1909ஆம் ஆண்டில் இரயில் வந்தது. 1924ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குச் செல்லும் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் அதே பாலத்தை வெடிவைத்துப் பிளந்தனர். இவையெல்லாம் நூலில் நான்கு வரிகள். இரயிலடிக்கு அருகே நின்று, 1,056 மீட்டர் நீளமுள்ள அப்பாலத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்கும்போது அவை நான்கு வரிகளாக இருப்பதில்லை. "எங்கள் அப்பா நாள்தோறும் இதைக் கடக்கிறார்" என்று ஒரு சிறுமி சொன்னாள். வரலாறு அவள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

ஜாலான் ட்ருஸ் சாலையில் பழைய சீனக்கோயில் இருக்கிறது. தியோச்சியூ, ஹொக்கியன், காண்டனீஸ், ஹக்கா, ஹைனானியர் எனும் ஐந்து குழுவினரும் ஆளுக்கொரு தெய்வத்தை அங்கே வைத்து வழிபடுகின்றனர். அதே சாலையில் சீக்கியரின் குருத்துவாரா. சற்றே நடந்தால் 1911ஆம் ஆண்டில் தோன்றிய அருள்மிகு இராஜமாரியம்மன் ஆலயம். அண்மையிலேயே இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசல். நாட்டின் பல்லின வாழ்வைப் பற்றி நாம் எத்தனையோ பாடங்கள் நடத்துகிறோம். இங்கோ அரைமணி நேர நடையில் பிள்ளைகள் அதைக் கால்களால் கற்றனர். இன்னொரு தெருவின் பெயர் ஜாலான் டோபி. "டோபி என்றால் என்ன?" என்று கேட்டேன். ஒரு மாணவன், "துணி வெளுப்பவர்" என்றான். சுல்தான்களுக்கும் செல்வர்களுக்கும் தெருப்பெயர் இருப்பது இயல்பு. துணி வெளுத்தவரின் தொழிலுக்கும் இந்நகரம் ஒரு தெருப்பெயரைத் தந்திருக்கிறது என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து அந்தப் பெயர்ப்பலகையை மீண்டும் ஒருமுறை பார்த்தனர்.

ஆலயத்தை ஒட்டிய பூக்கடையில்தான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். பாடத்திட்டத்தில், 'பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்' என்னும் பழமொழி உண்டு. என் மாணவர் அனைவர்க்கும் அதன் பொருள் மனப்பாடம். நார் எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கடையிலிருந்த அம்மையார் நீரில் நனைத்து வைத்திருந்த வாழைநாரை எடுத்துக் காட்டினார். நாரில் முடிச்சிட்டுப் பூவைச் சேர்ப்பது தொடுத்தல். ஊசியால் நூலில் ஏற்றுவது கோத்தல் என்று செய்து காட்டினார். உதிரிப்பூ, சரம், கதம்பம், ஆரம் என்று சொற்கள் அவர் வாயிலிருந்து பூவைப்போல் உதிர்ந்தன. பிள்ளைகள் தத்தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

அங்கே கணிதமும் இருந்தது. அவர் முழக்கணக்கில் பூ விற்றார். அவர் முழத்தை ஒரு மாணவன் அளவுகோலால் அளந்தான். அடுத்த கடைக்காரரின் முழத்தையும் அளந்தான். இரண்டுக்கும் மூன்று சென்டிமீட்டர் வேறுபாடு. "அப்படியானால் எந்தக் கடையில் வாங்குவது இலாபம்?" என்று அவன் கேட்க, அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். உலகம் ஏன் பொது அளவையை ஏற்றுக்கொண்டது என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாமந்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எங்களைக் கேமரன் மலைக்குக் கொண்டுசென்றது. புவியியலும் வந்து சேர்ந்தது.

பள்ளிக்குத் திரும்பியதும், தமிழில் எத்தனை பூக்களின் பெயரைச் சொல்லமுடியும் என்று கேட்டேன். வகுப்பு முழுதும் சேர்ந்து சொல்லியும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர்சொல்லி அடுக்கியிருப்பதை அப்போது சொன்னேன். வேறு நாளில் சொல்லியிருந்தால் அது ஒரு செய்தியாகவே போயிருக்கும். அன்றோ, "எப்படி ஐயா அவருக்கு இத்தனை தெரிந்தது?" என்று கேட்டனர். "அவர் தம் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார்" என்றேன்.

உண்மையில், ஊரைப் பார்ப்பது தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் 'ஊர்காண் காதை' என்றே ஒரு காதை உண்டு. கோவலன் மதுரையின் வீதிகளில் நடந்து செல்கிறான். இளங்கோவடிகள் கடைவீதிகளையும் வாணிகப் பொருள்களையும் நமக்குக் காட்டுகிறார். மதுரைக்காஞ்சி அந்நகரின் அங்காடியைப் பகலிலும் இரவிலும் காட்டுகிறது. இடைநிலைப்பள்ளியில் இலக்கியம் பயிலும் மாணவர், இவற்றைப் படித்த கையோடு தம் நகரின் ஒரு வீதியில் நடந்து, தாம் கண்டதை எழுதலாமே! ஐந்திணையை நாம் கட்டம் போட்டு நடத்துகிறோம்: நெய்தல், கடலும் கடல்சார்ந்த இடமும். பிள்ளை கட்டத்தை நிரப்பிவிடுகிறது. தெப்ராவ் நீரிணையின் கரையில் கண்டல் மரங்கள் நிற்பதையும், மீன்பிடிப் படகு அசைவதையும், வற்றிய சேற்றில் நண்டு ஓடுவதையும் அது பார்த்ததில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். நாமோ முதற்பொருளை விட்டுவிட்டுக் கட்டத்தைப் பற்றிக்கொண்டோம்.

பிள்ளைகள் ஊருக்குள் செல்வது ஒருபாதி. ஊர் வகுப்பறைக்குள் வருவது மறுபாதி. ஜொகூரில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல் இருக்கிறது. தோட்டம் என்பது அதன் பொருள். லாடாங் ரினி, லாடாங் தெப்ராவ் எனப் பெயர்கள் நிற்கின்றன. பள்ளியைச் சுற்றிப் பார்த்தாலோ வீடமைப்புப் பகுதிகளும் கடைவரிசைகளுமே தெரிகின்றன. மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய பிள்ளைக்கு நினைவுக்கு வருவது உணவகங்களும் பேரங்காடிகளும். அதுவும் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டத்தின் பெயர். தோட்டம் போய்விட்டது, பெயர் மட்டும் பலகையில் தங்கிவிட்டது. பெயரின் பொருளைச் சொல்லக்கூடியவர்கள் அடுக்குமாடி வீடுகளில் முதுமையோடு அமர்ந்திருக்கிறார்கள்.

அத்தகைய மூதாட்டி ஒருவர், என் மாணவன் ஒருவனின் பாட்டி, அழைப்பை ஏற்று வகுப்புக்கு வந்தார். "எனக்குப் படிப்பு இல்லையே, நான் வந்து என்ன சொல்லப் போகிறேன்?" என்று முதலில் தயங்கினார். வரும்போது ஒரு துணியில் சுற்றித் தம் பழைய உளியைக் கொண்டுவந்திருந்தார். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பது, நெற்றிவிளக்கின் ஒளியில் நிரைக்குச் செல்வது, சாய்வாகப் பட்டையைச் சீவுவது, மங்கில் பால் சொட்டுவது, காண்டா வாளியில் தோள்நோகச் சுமந்து வருவது, கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவருவது என ஒவ்வொன்றாய்ச் சொன்னார். "ஏன் பாட்டி இருட்டிலேயே வெட்ட வேண்டும்?" என்று ஒருவன் கேட்டான். "வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், ஐயா" என்றார் அவர். குளிர்ந்த வேளையில் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற இலைவழியே நீர் வெளியேறி அழுத்தம் குறையும். பால் ஒழுக்கும் குறையும். அறிவியல் நூல் கூறும் உண்மையை அவர் தம் தொழிலால் அறிந்திருந்தார். பட்டையை மிகுதியாக ஆழ்த்தி வெட்டினால் மரம் காயப்படும் என்று அவர் உளியின் கோணத்தைக் காட்டியபோது, வகுப்பில் மூச்சுவிடும் ஓசையும் கேட்கவில்லை.

அன்று பிள்ளைகள் நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டினர். அவற்றுட் பல எந்த அகராதியிலும் எளிதில் அகப்படாதவை. காண்டா என்பது மலாய்மொழியின் 'கண்டார்' என்னும் சொல்லை நினைவூட்டுகிறதே என்று ஒரு மாணவி கண்டுபிடித்தாள். அதுவரை வகுப்பில் வாய்திறவாத அந்தப் பேரனோ, அன்றைக்குப் பிறகு, சொற்பொருளில் ஐயம் எழுந்தால் மற்றவர்கள் தேடிச்செல்லும் மாணவனாகிவிட்டான்.

எல்லாரும் இம்முயற்சியை வரவேற்றனர் என்று கூறமாட்டேன். ஒரு தந்தையார் என்னைத் தேடிவந்தார். "ஐயா, எங்கள் அப்பா பால்மரம் வெட்டினார். நான் லாரி ஓட்டுகிறேன். என் மகனாவது மேலே வரட்டும் என்றுதான் பள்ளிக்கு அனுப்புகிறேன். நீங்கள் அவன் கையில் மறுபடியும் உளியைக் கொடுக்கிறீர்களே!" என்றார். அவர் குரலில் சினத்தைவிட வருத்தமே மிகுதியாயிருந்தது. இதை எளிதில் தள்ளிவிடக்கூடாது. இரண்டு தலைமுறையின் உழைப்பு அந்தக் கேள்வியில் இருக்கிறது. தொழிலைக் கற்பிக்க அன்று; தொழிலுக்குள் இருக்கும் அறிவை மதிக்கக் கற்பிக்கவே இதைச் செய்கிறோம் என்று விடையிறுத்தேன். தன் பாட்டனின் உழைப்பை எண்ணி வெட்கப்படும் பிள்ளை, மருத்துவரானாலும் பொறியியலாளரானாலும், அந்த வெட்கத்தைத் தன் மொழியின்மீதே இறக்கிவைக்கும். தமிழைப் பேசத் தயங்கும் படித்தவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். அத்தயக்கத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. அவர் முழுதும் உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் அடுத்த தவணையில், பாசிர் கூடாங் துறைமுகத்துக்குச் சரக்குப்பெட்டி ஏற்றிச்செல்வது பற்றி வகுப்பில் பேச ஒப்புக்கொண்டார். இருபதடிப் பெட்டி, நாற்பதடிப் பெட்டி, அச்சுக்குத் தகுந்த எடை என அவர் சொன்ன கணக்குகளை முன்வரிசையில் அமர்ந்து குறித்துக்கொண்டவன் அவர் மகன்.

இவ்வழிமுறை உலகுக்கும் புதிதன்று. கைத்தொழிலின்வழிக் கல்வி என்னும் காந்தியடிகளின் திட்டம் 1937ஆம் ஆண்டில் வார்தாவில் உருப்பெற்றது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'பார்க்வே' என்னும் பெயரில் சுவரில்லாப் பள்ளி ஒன்று தொடங்கியது. அருங்காட்சியகம், நூலகம், வணிக நிறுவனம் ஆகியவையே அதன் மாணவர்க்கு வகுப்பறைகள். நம் நாட்டிலும் தொடக்கப்பள்ளிகளில் 'காஜியான் தெம்பாத்தான்' என்னும் பாடம் இருந்தது. வட்டார ஆய்வு என்பது அதன் பொருள். 2014ஆம் ஆண்டு தொட்டு நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு அதன் இடத்தைப் பெற்றது. வட்டார ஆய்வு பாடமாக இருந்த காலத்திலும், பல இடங்களில் வட்டாரம் நூலின் பக்கங்களிலேயே ஆராயப்பட்டது என்பதுதான் வேடிக்கை. கேட்டால், தேர்வு நெருக்குகிறது என்போம். 1988ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுவிட்டது. வகுப்பறை மதிப்பீடு இப்போது ஆசிரியரின் கையிலேயே இருக்கிறது. பழைய காரணத்தை இனியும் சொல்லிக்கொண்டிருக்க நமக்கு வாய்ப்பில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு என் பட்டறிவிலிருந்து சிலவற்றைக் கூற விழைகிறேன். முதலாவது, பேருந்து வேண்டாம். காலால் நடக்கக்கூடிய தொலைவே போதும். பேருந்து வந்தால் உற்சாகமும் நொறுக்குத்தீனியும் வரும், பாடம் பின்தங்கிவிடும். கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்றுவந்து அதைக் கல்விச் சுற்றுலா என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வதில் பயனில்லை. இரண்டாவது, ஆசிரியர் முதலில் தனியே சென்று அந்தத் தெருவைப் படிக்கவேண்டும்; கடைக்காரரிடம் பேசி இசைவு பெறவேண்டும். பெற்றோர் ஒப்புதல், தலைமையாசிரியர் அனுமதி, சாலை கடக்கும் இடத்தில் துணைக்குப் பெரியவர்கள் ஆகியவற்றில் சிறிதும் தளர்ச்சி கூடாது. மூன்றாவது, ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு கேள்வியைத் தானே எழுதிக் கொண்டுசெல்ல வேண்டும். விடையைத் தமிழில் கேட்டு வாங்கிவர வேண்டும். சீனக் கடைக்காரரிடம் மலாய்மொழியில் கேட்டாலும், திரும்பிவந்து தமிழில் எழுத வேண்டும். நான்காவது, சென்றுவந்த மறுநாளே எழுத வேண்டும். ஒரு வாரம் கடந்தால் கண்டவை மங்கிவிடும். மீண்டும் குயில் கூவத் தொடங்கிவிடும்.

குயிலை நான் வெறுப்பவன் அல்லன். ஆனால் இந்நடைகளுக்குப் பிறகு என் மாணவர் எழுதிய 'என் ஊர்' கட்டுரைகளில் வேறு பறவைகள் வந்தன. கோயில் கோபுரத்துப் புறாக்கள் வந்தன. ஒருகாலத்தில் மேலே மூடப்பட்டுப் பின்னர் மீண்டும் திறந்துவிடப்பட்ட செகெட் ஆறு வந்தது. அது சலசலவென ஓடவில்லை என்றும், அதன் நீர் ஏன் கலங்கியிருக்கிறது என்றும் ஒருவன் எழுதினான். 1919ஆம் ஆண்டு முதல் விறகடுப்பில் ரொட்டி சுடும் சீனர் கடையின் மணத்தை ஒருத்தி எழுதினாள். எழுத்துப்பிழைகள் முன்னைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. பழகாத சொற்களை எழுதத் துணிந்தால் பிழை நேரத்தான் செய்யும். அவற்றைத் திருத்துவதற்குத்தானே நாம் இருக்கிறோம்!

உளி பிடித்த கைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து வருகின்றன. தோட்டத்தையும், சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களையும், நகருக்குக் குடிபெயர்ந்த நாள்களையும் நினைவிற் கொண்டவர்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் நம்மிடையே இருப்பர்? நூலைப் பத்தாண்டு கழித்தும் வாங்கலாம். அவர்களை அவ்வாறு வாங்க இயலாது. ஆதலின், தவணைக்கு ஒரு தெரு, தவணைக்கு ஒரு பெரியவர் என்று தொடங்குவோம். ஆறாண்டுகள் பயிலும் பிள்ளை பள்ளியை விட்டுச் செல்வதற்குள் தன் ஊரில் ஒரு பகுதியையேனும் தமிழில் படித்து முடித்திருக்கும். தான் வாழும் ஊரைத் தன் மொழியில் சொல்லத் தெரிந்த பிள்ளை, அவ்வூரில் தன்னை ஒருநாளும் அயலானாக எண்ணாது.